கைத்தாங்கல் போடுகிறவன்

ஃபோன் திரையின் மேல்முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் தம்பி ஆட்டம் பார்க்கிறான். மூடிய இடத்தில் இருப்பது மதிப்பெண். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பது கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். காலைத் தேநீர் ஆறி ஆடை கட்டிப்போகும். எங்கோ இருக்கிற எவரோ இருவர் ஆடி முடித்த சொல்லாட்டத்தை, முதல் சொல்லிலிருந்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"மார்க்கைப் பாத்தா ஆள் தெரியாதுக்கா. ஆட்டத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே தலையாட்டுவாள். வீட்டின் முன்னறைதான் அவள் கடை. நீளமான கால்சட்டையைக் குறைப்பதும், இறுகிப்போன சட்டையைப் பிரித்துவிடுவதும் அவள் பிழைப்பு. தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவரை எழுத்து அட்டைக்கு எதிரே உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று சலிக்காமல் கேட்பான். ஊர்க் கண்ணையெல்லாம் அளக்கிறவனுக்குத் தன் சட்டையின் அளவு மட்டும் தெரியாது. தோள் தொங்கும் சட்டையைத்தான் எப்போதும் வாங்கி வருவான். "உள்ள இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே அக்கா பிடித்துத் தைத்துக் கொடுப்பாள்.

வேலை போக மிச்ச நேரமெல்லாம் கைத்தாங்கல். இணையத்தில் சொல்லாடும் குழு ஒன்று ஆண்டுதோறும் போட்டி வைக்கிறது. கையிலிருக்கும் எழுத்துக் கட்டைகளைக் கொண்டு பலகையில் குறுக்கும் நெடுக்குமாகச் சொல் கோக்க வேண்டும். ஓரத்துக் கட்டங்கள் சிலவற்றில் கட்டை விழுந்தால் புள்ளி மூன்று மடங்கு. அகராதியையே கரைத்துக் குடித்தவர்களும் ஆடுகிறார்கள், நேற்றுச் சேர்ந்தவர்களும் ஆடுகிறார்கள். யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே வரப்பில் விட்டால் அது போட்டியாகாது. அதனால் வலுக்குறைந்தவருக்குத் தொடக்கத்திலேயே சில புள்ளிகள் தருவார்கள். அதற்குக் குழுவில் கைத்தாங்கல் என்று பெயர். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறவன் தம்பி. அவன் மட்டும் ஆடுவதில்லை. "தராசு பிடிக்கறவன் தட்டுல ஏறி உக்காரலாமா?" என்பான்.

புதிதாகச் சேருகிறவரிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்கமாட்டான். "நல்ல எழுத்தே வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்பான். குழுவில் ஒரு பேக்கரிக்காரர் உண்டு. "ஃபோனைக் கவுத்து வெச்சுட்டு மாவு பிசையப் போயிடுவேன் தம்பி" என்றார் அவர். பொறுமையில்லாதவர் என்று கொஞ்சம் கூடுதலாகவே போட்டான். அந்த ஆண்டு அவருடைய ஆட்டங்கள் எல்லாமே கடைசிக் கட்டை வரை இழுத்துக்கொண்டு போயின.

"தோத்தவன், இன்னும் ஒரு சொல் கெடைச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு சொல்லணும். ஜெயிச்சவன், அப்பாடா தப்பிச்சேன்னு சொல்லணும். ரெண்டு பேரும் சொன்னா அளவு சரி" என்பது தம்பியின் கணக்கு. அக்காவுக்கு அது நன்றாகவே விளங்கும். அளவு சரியாக இருந்தால் உடுத்தியவருக்குச் சட்டை போட்டிருக்கிற நினைப்பே வராது.

இந்த ஆண்டு கைத்தாங்கலில் சிக்கல் வந்தது, அதுவும் டைப்பிஸ்ட் அம்மாவால். வேறோர் ஊரில் மகள் வீட்டில் இருக்கும் அவர், ஏதோ அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். குழுவிலேயே வலுவான கை. அவருக்குக் கைத்தாங்கல் சுழியம். அந்தச் சுழியத்தை அவர் பதக்கம் மாதிரி அணிந்திருந்தார். அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாகக் கற்றுக்குட்டிகளிடமெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரரின் குரல்பதிவு தையல் கடை முழுவதும் கேட்டது. "தம்பி, அந்தம்மா வேணும்னே தோக்கறாங்க. வலது ஓரத்துல மூணு மடங்குக் கட்டம் வாயத் தெறந்துட்டு நிக்குது, ஒரு கட்டைய அங்க வெக்க மாட்டேங்கறாங்க. இப்போ தோத்து, புள்ளிய வாங்கிக்கிட்டு, போட்டியில நம்ம எல்லாரையும் மடிச்சு உள்ள போடப் போறாங்க. அவங்களை எடுத்துடு, இல்ல நாங்க கெளம்பறோம்."

மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் யாருக்கு யார் ஜோடி என்று அறிவிக்க வேண்டும். எடுத்துவிட்டால், அத்தனை ஆண்டு நேர்மையாக ஆடியவரின் பெயர் கெடும். புள்ளி கொடுத்துவிட்டால் குழு உடையும்.

"பாவம், வயசானவங்க. கொஞ்சம் குடுத்துட்டுப் போயேண்டா."

"பாவம் பாத்துக் குடுத்தா அதுக்குப் பேரு கைத்தாங்கல் இல்லக்கா."

அன்று சாயங்காலம் அந்த அம்மாவின் ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டான். கட்டைவிரல் வழக்கம்போல மேல்முனையில். அக்கா பித்தான் தைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, ஒரு கை மட்டும் வெச்ச சட்டையாட்டம் இருக்கு."

தம்பி பழைய ஆட்டங்களுக்குப் போனான். அங்கே பலகை நான்கு பக்கமும் நிறைந்திருந்தது. திரும்பப் புதியவற்றுக்கு வந்தான். இடது ஓரத்து மூன்று மடங்குக் கட்டம் ஒன்றைக்கூட அந்த அம்மா தவறவிட்டிருக்கவில்லை. சொற்களும் பழைய தரத்தில்தான் இருந்தன.

"ஏமாத்தறவன்னா ரெண்டு பக்கமும் விட்டிருப்பான்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தான். நின்றுகொண்டே தொலைபேசியில் அழைத்தான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நான் கைத்தாங்கல் போடறவன் பேசறேன்."

"தெரியுதுப்பா. நானும் திருடியாயிட்டேன்னு சொல்லத்தானே கூப்பிட்டே?"

"இல்லம்மா. நீங்க கொஞ்ச நாளா கதவு நிலையில தோள் இடிச்சுக்கறீங்களா?"

"இடிச்சுக்கறேன். அதுக்கென்ன இப்போ?"

"வலது தோளாம்மா?"

"யாருப்பா சொன்னது? என் மகளுக்கே தெரியாதே."

"தட்டுல வலது பக்கம் இருக்கறது மிச்சமாகுதா?"

"சாப்பாட்டை வீணாக்கறேன்னு மக திட்டறா. அங்க இருந்தா சாப்பிட மாட்டேனா? கண்ணாடியை நானும் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்கறேன்."

"கண்ணாடி இல்லம்மா இது. கண்ணுகூட இல்லேன்னு நெனைக்கறேன். மககிட்ட ஃபோனைக் குடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்குன்னு வெக்காதீங்க."

அக்காவின் கையில் ஊசி அப்படியே நின்றது. முகம் பார்த்திராத ஒருத்தி, பெற்ற மகளே அறியாத இடி, அதை இவன் ஆட்டப் பலகையில் படித்திருக்கிறான். இவனுக்கா சட்டை அளவு தெரியாது என்று இருந்தது அவளுக்கு.

தலைக்குள் ஒரு சிறிய இரத்தக்குழாய் அடைத்திருந்ததாம். வலியில்லாமல் வந்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பார்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. போனது திரும்புமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. இன்னொன்று வராமலிருக்க மருந்து தொடங்கினார்கள்.

குழுவில் இப்போது எல்லோரும் கர்ணர்கள். "என் புள்ளியையும் சேத்து அவங்களுக்கே குடுத்துடு தம்பி" என்றார் பேக்கரிக்காரர். அந்த அம்மாவோ, "இனாம் வாங்கி ஆட மாட்டேன். என் பேரை அடிச்சுடுப்பா" என்று சொல்லிவிட்டார்.

தம்பி தையல் கடைக்கு வந்தான். "சிவப்பு நாடா இருக்காக்கா? நல்லா கண்ணைப் பறிக்கணும்."

ஃபோனுக்கு ஓர் உறை தைக்கச் சொன்னான். வலது ஓரம் நெடுகச் சிவப்பு நாடா வர வேண்டும். அக்கா தைத்தாள். நாடா ஒரு நூலளவு கோணியிருந்ததைப் பார்த்துப் பிரித்தாள், மறுபடி தைத்தாள். உறை கூரியரில் அந்த அம்மாவுக்குப் போனது. பிறகு சாயங்காலந்தோறும் தம்பி தொலைபேசியில் பழக்கினான்.

"சிவப்பு கண்ணுல படற வரைக்கும் பலகை முடியலன்னு அர்த்தம்மா. முதல்ல அங்க போங்க. அங்கேருந்து திரும்பி வாங்க."

"நீ சொல்ற மாதிரி போனா, போற வழியே மறந்துடுதேப்பா."

"பரவால்லம்மா. மறுபடி போங்க."

அந்தச் சனிக்கிழமை ஜோடிகளை அறிவித்தான். பட்டியலில் டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். பெயருக்கு எதிரே கைத்தாங்கல் சுழியம். சிலர் கொதித்தார்கள். "ஈவு இரக்கம் இல்லையா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். "கண்ணாடி போட்டு ஆடறவங்களுக்கு நான் புள்ளி கூட்டறதும் இல்ல, குறைக்கறதும் இல்லண்ணே. அவங்களுக்குச் சொல் குறையல. ஓரம் குறைஞ்சுது, ஓரத்தைக் குடுத்தாச்சு" என்றான் தம்பி. அன்று மாலை அந்த அம்மா ஒரே ஒரு வரி அனுப்பினார்: 'சுழியத்துக்கு நன்றி. ஆடுகிறேன்.'

முதல் ஆட்டம் பேக்கரிக்காரருடன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேக்கரிக்காரர் தமக்குரிய புள்ளிகளோடு இறங்கினார், விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. டைப்பிஸ்ட் அம்மா இடது பக்கம் ஒரு சொல் வைத்தார். நடுவில் ஒன்று. மறுபடி இடது பக்கம். அக்கா திரையருகே குனிந்தாள்.

"போகலையேடா."

"கொஞ்சம் பொறுக்கா."

அடுத்த முறை அந்த அம்மா வெகுநேரம் எதுவும் வைக்கவில்லை. பேக்கரிக்காரர் எழுந்து போய் மாவு பிசைந்துவிட்டே வந்திருக்கலாம். பிறகு ஒரு கட்டை நகர்ந்தது. நகர்ந்து, பலகையின் நடுவைத் தாண்டி, தாண்டிய பிறகும் நிற்காமல், வலது ஓரத்து மூன்று மடங்குக் கட்டத்தில் போய் அமர்ந்தது. அதன் கீழே மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பலகையின் நான்கு பக்கமும் நிறையத் தொடங்கியது. கடைசிக் கட்டையும் விழுந்தது. குழுவில் பேக்கரிக்காரரின் செய்தி வந்தது: 'யப்பா.' அது தப்பித்தவரின் யப்பாவா, கோட்டைவிட்டவரின் யப்பாவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாருடா ஜெயிச்சது?"

எந்த ஆட்டத்துக்கும் அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. ஃபோனை அக்காவுக்கும் தெரியும்படி சாய்த்து, மேல்முனையிலிருந்த கட்டைவிரலை மெல்ல எடுத்தான்.