சங்கம் எழுதிய மொய்

எங்கள் சங்கத்தின் அலுவலகம் ஒரு தறிக்குடோனுக்கு மேலே இருந்தது. பல்லடத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில், கீழே விசைத்தறிகள், மேலே நாங்கள். தறி ஓடினால் தரை நடுங்கும், மேசை நடுங்கும், டம்ளரில் டீ வட்டம் வட்டமாக அதிரும். ஆற்றையும் கிணற்றையும் சாயத்திடமிருந்து காப்பாற்ற ஒன்றுசேர்ந்தவர்கள் நாங்கள். பக்கத்து நாற்காலிக்குக் குரல் எட்டவே தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. வணக்கம் சொல்வதைக்கூடச் சண்டைக்கு இழுப்பதுபோலத்தான் சொல்லிக்கொள்வோம். ஆகவே நிஜமான சண்டை வந்தபோது, அது சண்டைதான் என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்சநாள் பிடித்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் ஒட்டி உட்கார முடியாத கால்கள் எனக்கு. நாலரைக்குப் பள்ளி விட்டதும் என் மொபெட் தானாக ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். கிணறு கிணறாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சீட்டு ஒட்டி, கோயமுத்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்புவோம். ஒரு கிணறு மருதாணிச் சிவப்பு. அடுத்த தோட்டத்துக் கிணறு கத்தரிப்பூ. அதற்கும் அடுத்தது மயில்கழுத்து. தென்னைக்கு விட்டால் தென்னை கருகும். மாட்டுக்கு வைத்தால் மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் வெயில் விழுந்தால் அழகாக இருந்து தொலைக்கும். அந்த அழகுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். தீர்மான நோட்டை முன்பக்கமிருந்து சங்கத்துக்காகவும் பின்பக்கமிருந்து எனக்காகவும் எழுதுவேன். இரண்டும் நடுவில் எங்கே சந்தித்துக்கொள்ளுமோ என்று ஒரு பயம் உண்டு.

தலைவர், கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓய்வு பெற்ற பேராசிரியர். துணிப்பையில் சங்க விதிகள் அச்சடித்த புத்தகத்தை எந்நேரமும் வைத்திருப்பார். பொருளாளர், அந்தத் தறிக்குடோனின் சொந்தக்காரர். ஐம்பதைத் தொடும் வயது, மீசையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. மேல் அறையை வாடகை இல்லாமல் கொடுத்தவர் அவர். இவர்களோடு டீச்சரக்கா. ஊரின் கிழக்கே இருந்த காலனியில் பால்வாடி நடத்தினார். தோட்டங்களில் தலைமுறையாகக் கூலிக்குப் போனவர்களின் தெரு அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிடுவார். வழுக்கும் பாறையில் இறங்கிப் பாட்டில் நிரப்பியதும், சுவரில் போஸ்டர் ஒட்டியதும், ஊர்வலத்தில் பாதிக்கு மேல் நடந்ததும் அந்தத் தெருதான்.

சங்கத்துக்குள் எல்லோரும் எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் முதல் தீர்மானம். படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் பழைய விளிகள் திரும்பிவிடும். பொருளாளரை அங்கே காலனிக்காரர்கள் அண்ணா என்று சொல்ல மாட்டார்கள், அவரும் எதிர்பார்க்க மாட்டார். அதைப் பற்றி நாங்கள் தீர்மானம் போடவில்லை.

சிக்கல் ஆடிட்டரின் கடிதத்தில் வந்தது. இரண்டு பக்கம். எங்கள் கணக்கு நோட்டின் மூலையில் ஏன் மஞ்சள் தடவியிருக்கிறது என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் செலவுப் பக்கத்தில் மாதாமாதம் ‘மொய்’ என்று ஒரு தலைப்பு வருகிறதே, அது என்ன, யார் அனுமதித்தது என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் வராமல் கையெழுத்துப் போட மாட்டாராம்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சீர் எதுவானாலும் பந்தல் வாசலில் மொய் மேசை போட்டிருக்கும். வந்தவர் பணம் கொடுப்பார், நோட்டில் ஊரும் பேரும் தொகையும் ஏறும். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அதை ஒரு பத்தாவது கூட்டித் திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் உறவே அறுந்துபோகும். எங்கள் பொருளாளருக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே கணக்கு அது. சங்கத்துக்கு யாராவது நூற்றியொரு ரூபாய் நன்கொடை கொடுத்தால் அதையும் ஊர் வாரியாக, வீடு வாரியாக, மொய் நோட்டு மாதிரியே எழுதினார். அந்த வீட்டில் கல்யாணம் வந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், சங்கத்தின் பணத்திலிருந்து நூற்றிப்பதினொன்று எடுத்துச் சங்கத்தின் பேரிலேயே எழுதிவிட்டு வந்தார். அந்தியூர்வரைக்கும் ஒரு தடவை பஸ் ஏறிப் போயிருக்கிறார். அந்த டிக்கெட்டைத் தன் காசில் எடுத்திருக்கிறார், அதைச் சங்கக் கணக்கில் எழுதுவது தப்பு என்று!

வங்கியில் பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், அவருடையதும் என்னுடையதும். ஒவ்வொரு தடவையும் என்னைத் தேடி அலைய வேண்டாமே என்று பத்துச் செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் கிணறு பார்க்கப் போய்விடுவேன். மயில்கழுத்து நிறத்துக்கு உவமை தேடிக்கொண்டிருந்த காலத்தில், என் பேரால் ஊரெங்கும் மொய் விழுந்துகொண்டிருந்தது.

பொதுக்குழு கூடிய ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கீழே அவசர ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முப்பது பேர் பாயில். தலைவர் கடிதத்தைக் கத்திக் கத்தி வாசித்தார். பிறகு விதிப் புத்தகத்தைப் பிரித்தார். சங்கப் பணத்தைச் சொந்த விருப்பத்துக்குச் செலவழித்தால் அது கையாடல், கையாடல் செய்தவரை நீக்கி அதைத் தீர்மானத்தில் பதிய வேண்டும் என்றார். அவருக்கும் பொருளாளருக்கும் ஏற்கெனவே மைக் செட் விஷயத்தில் மனஸ்தாபம். சொந்தமாக மைக் செட் வாங்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. தன் தொண்டை இருக்கும்போது அது வீண்செலவு என்பது பொருளாளரின் முடிவு. அந்தத் தொண்டையில் இப்போது பொருளாளர் பதில் சொல்ல எழுந்தார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது எப்படித் தப்பாகும் என்று அவர் கத்த, அனுமதி எங்கே என்று இவர் கத்த, கீழே தறிகள் இருவரையும் மிஞ்சிக் கத்த, கரண்ட் போனது.

எல்லாத் தறிகளும் ஒரே மூச்சில் நின்றன. தலைவரால் மட்டும் நிற்க முடியவில்லை. "இதுக்குப் பேரு திருட்டுங்க" என்ற அவருடைய கத்தல், எந்தச் சத்தமும் இல்லாத அறையில் தனியாக விழுந்தது. கீழே தறிக்காரர்களுக்கும் கேட்டது. ரோட்டில் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சொல் மட்டும் மின்சாரம் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

தலைவருக்கே முகம் செத்துவிட்டது. பொருளாளர் இடுப்பிலிருந்து சங்கத்துப் பீரோ சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அவர் மகளுக்கு நிச்சயமாகி, தை மாதம் கல்யாணம். என் பக்கம் திரும்பினார். மெதுவாகப் பேசும் அவர் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

"அம்மணி, எழுதோணும்னா எழுதிப்போடுங்க. ஆனா சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்து கேட்டா, அந்த நோட்டக் காட்டிப்போடாதீங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். பேனா என் கையில். இதுவரை பொருள் தெரியாமல் எத்தனையோ சொற்களை அழகுக்காக எழுதியிருக்கிறேன். கையாடல் என்ற இந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்திருந்தது. ஒரு வீட்டின் கல்யாணப் பந்தலைப் பிரித்துப் போடக்கூடிய சொல். பேனாவை உதறினேன். மை வரவில்லை என்பதுபோல இன்னொரு தடவை உதறினேன்.

டீச்சரக்கா எழுந்துவந்து, மஞ்சள் மூலை வைத்த கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கினார். ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துக்கொண்டு போனார். பால்வாடிப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்புக் கணக்கு எழுதிப் பழகிய விரல். அவசரப்படவே இல்லை. முப்பது பேர் விசிறிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏனுங்கண்ணா, தொகையெல்லாம் சரியாத்தான் இருக்குது. ஒத்த ரூவா நீங்க எடுக்கலீங்க. ஆனா இதுல எங்க தெருவையே காணமுங்களே?"

அவர் உண்மையாகவே குழம்பினார். "உங்க தெருவுல யாரும் நன்கொடை எழுதலீங்களே டீச்சரக்கா?"

"ஆத்துல எறங்கித் தண்ணி புடிச்சது எழுதலீங்களா? அதுக்கு எந்த நோட்டுங்க?" என்றார் டீச்சரக்கா. குரலில் கோபம் இல்லை, பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "போன வைகாசியில எந்தம்பி கலியாணத்துக்குச் சங்கத்துக்குப் பத்திரிகை வெச்சனுங்க. இந்தக் கண்ணு மொபெட்டுல வந்துச்சு. சங்கம் வரலீங்க."

அந்தப் பத்திரிகை ஞாபகம் வந்துவிட்டது என்று பொருளாளரின் முகத்தில் தெரிந்தது. போகக்கூடாது என்று அவர் நினைத்திருக்கவில்லை. போகவேண்டிய வீடு என்று தோன்றவே இல்லை. அதுதான் அவரை உட்கார வைத்தது.

டீச்சரக்கா என் பக்கம் திரும்பினார். "கையாடல்னு எழுதாதீங்க கண்ணு, அது பொய்யி. எல்லாரு காசையும் அண்ணன் அவரு ஒறம்பரைக் காசாட்ட நெனச்சுப்போட்டாரு, அத எழுதுங்க. செயலாளரு பாக்காம கையெழுத்துப் போட்டாங்கன்னு கீழயே எழுதுங்க."

உறவுக்காரர்களின் காசு. இதைவிடச் சரியாக எந்த ஆடிட்டரும் சொல்லியிருக்க மாட்டார். அப்படியே எழுதினேன், என் பங்கையும் சேர்த்து. இரண்டு பக்கமிருந்தும் எழுதிவந்த நோட்டில் அதுதான் நான் எழுதிய நல்ல வரி, அதுவும் என்னுடையதில்லை.

மொத்தத் தொகையையும் அன்றே தன் கைக்காசில் கட்டிவிடுவதாகப் பொருளாளர் சொன்னார். நன்கொடையாக வரவு வைத்துக்கொள்ளலாமே என்று தலைவர், தான் கத்தியதற்குப் பரிகாரம்போல, இளகிவந்தார். டீச்சரக்கா ஒப்பவில்லை. "நன்கொடைன்னு எழுதுனா அண்ணன் அதுக்கும் மொய் எதிர்பாப்பாரு" என்றார். முதலில் சிரித்தவர் பொருளாளர்தான். மகள் கல்யாணத்தை முன்னிட்டு மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் ரசீது, நான்கில் ஒரு பங்கு என் சம்பளத்திலிருந்து என்று முடிவானது. சாவியை எடுத்து அவரே டீச்சரக்காவிடம் கொடுத்தார். கரண்ட் வந்தது, தரை மறுபடி நடுங்கத் தொடங்கியது. எல்லோரும் நிம்மதியாகக் கத்திப் பேச ஆரம்பித்தோம்.

அதற்குப் பிறகு டீச்சரக்காதான் பொருளாளர். டீக்குப் பில், பசைக்குப் பில், ஆற்றுக்குப் போன ஆட்டோவுக்கு ஆட்டோக்காரரின் கையெழுத்து. தலைவர் மைக் செட் பேச்சை எடுத்தார். மூன்று கடையில் விலை எழுதி வாங்கி வரச்சொன்னார் டீச்சரக்கா. தலைவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் டீச்சரக்காவின் தங்கைக்குக் கல்யாணம். இந்தத் தடவையும் சங்கத்துக்குப் பத்திரிகை வந்தது. சங்கம் இனி எந்த விசேஷத்துக்கும் மொய் எழுதாது என்று நாங்களே தீர்மானம் போட்டிருந்ததால், அவரவர் காசோடு அவரவர் போனோம். சர்ச்சில் மோதிரம் மாற்றிவிட்டு வந்து, காலனியில் பந்தல். மொய் மேசையில் இருந்தவர் எழுத்துக் கூட்டி எழுதும் ஆள். வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டுவிட்டது. வெள்ளைச் சட்டையில் பழைய பொருளாளர் வந்தார். வரிசையில் கொஞ்சநேரம் நின்றார். கை பரபரக்க, பொறுக்காமல் போய், "நவுருங்க, நான் எழுதறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

தறிச்சத்தத்தில் வளர்ந்த தொண்டை. ஊர், பேர், தொகை ஒவ்வொன்றும் பந்தலின் கடைசிக் கம்பம் வரைக்கும் போய்த் திரும்பியது. தலைவர் என் காதோரம் வந்து, மைக் செட் வேண்டாம்தான் என்று ஒப்புக்கொண்டார். காலனியில் அதுவரை தண்ணீர்கூடக் குடித்திராத மனிதர், எழுதிய இடத்துக்கே வந்த இலையில் சாப்பிட்டார். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டார்.

சாயங்காலம் டீச்சரக்கா கணக்குப் பார்க்க வந்தார். பணத்தை எண்ணினார், நோட்டைக் கூட்டினார். மறுபடி எண்ணினார்.

"நூத்தியொண்ணு கூட இருக்குதுங்கண்ணா."

"இருக்குமுங்க" என்றார் அவர், சட்டையில் இல்லாத பஞ்சைத் தட்டிக்கொண்டு. "அது நம்முளுதுங்க. போட்டுப்போட்டேன். எழுத மறந்துட்டேன்."

ஒரு நாள் முழுக்க அத்தனை பேரை எழுதியவர் தன்னை மறந்திருப்பாரா? மேசையைச் சுற்றி நின்ற யாரும் அதைக் கேட்கவில்லை. எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தை மாதம் அதைத் திருப்பி எழுத இந்தத் தெரு அவர் வீட்டுப் பந்தலுக்கு வரும்.

டீச்சரக்கா நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "பேரில்லாத காச நான் வெச்சுக்க முடியாதுங்க. யாருக்குத் திருப்பறதுங்க?"

அவர் பேனாவைப் பார்த்தார். பந்தலில் குழல்விளக்கு மினுக்கிப் பிடித்தது. பிறகு குனிந்து, கடைசி வரியில், ஊர், வீட்டுப்பேர், தன் பேர், தொகை எல்லாம் எழுதினார். எழுதியதைத் தன் முழுத்தொண்டையில் வாசித்தார். வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை, பந்தலில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம்.

"தையில வாரனுங்கண்ணா" என்றார் டீச்சரக்கா. நடுத்தெருவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, அண்ணா என்று.

"ஊட்டோட வாங்க" என்றார் அவர்.

தையில் அவர் மகள் கல்யாணத்துக்குப் போனார்கள். பத்துப் பெண்கள், ஆற்றுக்கு வரும் அதே பத்துப் பேர். முதல் பந்தியில் நான் டீச்சரக்காவுக்குப் பக்கத்தில். சம்பந்தி வீட்டார் சிலர் எழுந்து அடுத்த பந்திக்குக் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று பழைய பொருளாளர் விட்டுவிட்டார். சாப்பிட்டு முடித்து டீச்சரக்கா மொய் மேசைக்குப் போனார். நூற்றிப்பதினொன்று. எழுதியவரிடம் நோட்டை வாங்கி, சரியாக ஏறியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.