நெல்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த எஞ்சின்

மூன்று வருடங்களுக்கு முன்னர், சிறுபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில், ஸ்கந்தபுரத்தில் ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால்தான் அந்தக் காரை முதன்முதலாகக் கண்டேன். நானாகவே தேடிக் கண்டுபிடித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் 'நான்தான் முதலில் கண்டவன்' என்ற அந்த எண்ணமே காரணம்.

எனக்குப் பழைய கார் என்றால் பைத்தியம். எல்லாப் பழைய காரும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடித் தேய்ந்த சின்னக் கார்கள் வன்னியில் ஊருக்கு ஊர் நிற்கின்றன. என் மனம் போனது, ஒரு காலத்தில் பெரிய பணக்காரர்கள் வேகத்துக்காகவே வாங்கிய சலூன் கார்களிலும் இரண்டு கதவுக் கூபேக்களிலும். மூன்று தலைமுறையாக வயலைத் தவிர வேறொன்றும் தெரியாத குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை. அந்தச் சம்பளத்தில் கார் சேர்க்க முடியாது என்பதால் கொப்பியில் சேர்த்தேன். எந்த ஊரில் எந்தக் கார் நிற்கிறது, செசி எனும் அடிச்சட்டத்தின் நம்பர் என்ன, எஞ்சின் நம்பர் என்ன என்று எழுதி எழுதி இரண்டு கொப்பி முடிந்திருந்தது.

உண்மையாகவே கார்களைச் சேர்த்தவன் பள்ளியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன். சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். அண்ணன்மார் இருவரும் சுவிஸில் இருந்து காசு அனுப்பினார்கள். கிளிநொச்சியில் பெரிய கொட்டகை போட்டு ஏழு கார்கள் வைத்திருந்தான். மரப்பலகை பதித்த டாஷ்போர்ட், தோல் இருக்கை, முன்னால் நீண்ட மூக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு அழகு. அவற்றில் எது எந்த வருடத்தில் எத்தனை மட்டும் செய்யப்பட்டன என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கார்த் திறப்பு மட்டும் அவனுடைய சட்டைப்பையில் இருந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் போகும்போதெல்லாம் தேத்தண்ணி தருவான், வருகிறவர்களிடம், “இவனிட்டக் கேளுங்கோ, எனக்கு ஒண்டும் தெரியாது” என்பான். அதுவும் எனக்கு எரிந்தது.

ஸ்கந்தபுரத்துக் கார் ஒரு ஆங்கிலக் கூபே. பண்ணையை நடத்தும் அக்காவின் தகப்பன் மலையகத்தில் ஒரு தோட்டத்துத் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை ஊரை விட்டுப் போகும்போது காரை அவருக்கே கொடுத்துவிட்டாராம். எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் அந்தக் காரிலேயே இறங்கி வன்னிக்கு வந்தது. குடிசை போடும்வரை ஐந்து பேரும் அதற்குள்தான் படுத்தார்களாம். போரின் கடைசி இடப்பெயர்வின்போது வைக்கோல் போருக்குள் மூடி வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்க்க அப்படியே இருந்தது.

அக்கா பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். நம்பர்களை எழுதிக்கொண்டு பொனட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது ஏதோ ஒரு வான் வண்டியின் சின்ன எஞ்சின். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் அந்தப் பெரிய எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்ற வழியில்லாமல், அக்காவின் அப்பா அதைக் கழற்றி ஒரு தரகரிடம் கொடுத்துவிட்டாராம். எங்கே போனது என்று அக்காவுக்குத் தெரியாது. கார் சேர்ப்பவர்களுக்குப் புத்தகத்து நம்பரும் எஞ்சினில் அடித்த நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அரைக் கார்தான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் அவனுடைய கொட்டகையில் நாலு பேர் முன்னால், உன்னிடம் இல்லாத ஒன்றை நான் கண்டுவிட்டேன் என்று பெருமை பேசினேன். இரண்டு கிழமையில் அந்தக் கூபே அவனுடைய எட்டாவது காராகக் கொட்டகையில் நின்றது. அக்காவிடம் நியாயமாகக் கேட்டு, நியாயமாக வாங்கியிருந்தான். எனக்கோ கட்டிக்கொள்ள இருந்த பெண்ணை இன்னொருவன் கொண்டுபோனது மாதிரி இருந்தது.

தடைக் காலத்தில் பெரிய எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓட, அரைக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் இறைக்கவும்தான் போயின என்பது எனக்குத் தெரியும். கொப்பியோடு ஆலை ஆலையாக ஏறி இறங்கினேன். மல்லாவியில், மின்சாரத்துக்கு மாறிவிட்ட ஒரு ஆலையின் பின்புறம், தவிட்டுத் தூசிக்குள் ஒரு ஆறு சிலிண்டர் எஞ்சின் கிடந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க நம்பர் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசி இலக்கமும் சரியாக இருந்தபோது கொப்பியை மூடிச் சட்டைக்குள் செருகினேன். எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் அன்று நினைத்தேன்.

கையில் இருந்ததைக் கொடுத்து வாங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து, வீட்டில் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடினேன். கார் இல்லாத எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அது அவனுக்குக் கிடைக்காது என்பதே போதுமாக இருந்தது.

அம்மா ஒரு நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கம்பஸுக்குப் போய்ப் படிச்சுப்போட்டு வந்து இரும்புக்குக் காவல் இருக்கிறாய், என்ன?” என்றார். நான் சாக்கை இழுத்து மறுபடி மூடினேன்.

எஞ்சின் மாறியிருந்தது பொனட்டைத் திறந்தால் யாருக்கும் தெரியும் விடயம். நண்பன் காரின் சொந்த எஞ்சினைத் தேடத் தொடங்கினான். யாரோடு? என்னோடுதான். ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வவுனியாவின் பழைய இரும்புக் கடைகள், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று அலைந்தேன். அவன் வாங்கித் தந்த சோற்றுப் பார்சலைத் தின்றேன். மல்லாவிக்கும் போவம் என்று அவன் சொன்னபோது, அங்கே எல்லா ஆலையும் நான் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்றேன். அவன் அதை நம்பி மல்லாவியை விட்டுவிட்டான்.

கடைசியில் அலுத்துப்போய், கொழும்பிலிருந்து அதே கம்பனியின் சலூன் ஒன்றின் எஞ்சினை எடுத்துப் பூட்டினான். முதல் ஓட்டத்துக்கு அக்காவை அழைத்திருந்தான். கொட்டகையிலிருந்து அக்கராயன் குளக்கட்டு வரை ஒரு ஓட்டம் என்பது கார் வாங்கும்போது அவருக்குக் கொடுத்த வாக்கு. சனம் கூடி நின்றது. அவன் திறப்பை என் கையில் வைத்து, “மச்சான், நீதானே முதல் கண்டனி. நீ ஓட்டு” என்றான்; தான் ஏறாமல் அங்கேயே நின்றான்.

அப்படியொரு காரை நான் அதுவரை ஓட்டியதில்லை. காலை லேசாக வைக்க முதுகு இருக்கையோடு ஒட்டியது. இதெல்லாம் அவனுக்கு எப்போதும் கிடைக்குமே என்றுதான் அந்த நேரத்திலும் மனம் கணக்குப் பார்த்தது. அக்கா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். குளக்கட்டில் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

“நல்லா ஓடுது தம்பி. ஆனா எங்கப்பா ஓட்டுன சத்தம் இது இல்ல. அது கொஞ்சம் கனமா இருக்கும்” என்றார்.

பழைய எஞ்சின் கிடைக்கவில்லை அக்கா என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போன மாசம் முட்டை குடுக்க மல்லாவிக்குப் போனேன். அங்க ஒரு மில்லுக்காரர்கிட்ட சும்மா விசாரிச்சேன். கச்சேரியில வேல பாக்குற தம்பி ஒருத்தர் கொப்பியோட வந்து தொடச்சுப் பாத்து எடுத்துட்டுப் போனாருன்னு சொன்னாரு.”

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

“கார் வாங்குன தம்பிக்கிட்ட நான் சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு ஒரு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார். அதில் கோபம் இல்லை. முட்டை விலை சொல்வது போலத்தான் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது நியாயம் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்து இறங்கியதும் நண்பனைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் கேட்டது இதுதான்.

“புளியங்குளத்தில மழைக்குள்ள ரெண்டு மணித்தியாலம் நிண்டமே. அப்பவும் அது உன்ர வீட்டிலதான் கிடந்ததோ?”

“ஓம்.”

“எனக்குக் காய்ச்சல் வந்த நேரம்?”

“ஓம்.”

அவன் உள்ளே போய் அக்காவுக்கு உட்காரக் கதிரை எடுத்துப் போட்டான். அடுத்த நாள் இரண்டு பேர் வந்து எஞ்சினை ஏற்றிப் போனார்கள். அவன் வரவில்லை. எஞ்சினுக்கு நான் ஆலையில் கொடுத்த காசை அவர்கள் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். வாங்க மறுத்தேன். அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்தக் கார் தன்னுடைய சொந்த எஞ்சினில் ஓடுகிறது. அப்படி முதன்முதல் ஓட்டிய நாளில் என்னைக் கூப்பிடவில்லை. பிறகொரு நாள் பஸ்ஸுக்கு நின்றபோது அது வீதியால் போனது. அக்கா சொன்ன கனமான சத்தத்தை அப்போதுதான் கேட்டேன். அந்த எஞ்சின் ஒரு வருடத்துக்கும் மேல் என் வீட்டில் கிடந்தும் அதன் சத்தம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அவன் என்னோடு கதைக்காமல் விடவில்லை. கண்டால் நின்று சுகம் கேட்கிறான். ஆனால் தேடிப் போகும் பயணங்களுக்கு இப்போது வேறொருவன் பின்னால் ஏறுகிறான். அந்தப் பெடியனைக் காணும்போது, எட்டுக் காரையும் பார்த்து வராத அளவுக்குப் பொறாமை எனக்கு வருகிறது.

பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும். கொப்பியை இன்னும் எழுதுகிறேன். எங்காவது ஒரு நல்ல பழைய காரைக் கண்டால், அந்த வளவை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அவனுக்கு அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுகிறேன்; அந்தச் செய்தியை வீடு வரைக்கும் தனியே கொண்டுபோனால் நான் எப்படிப்பட்ட ஆளாக மாறுவேன் என்று இப்போது எனக்குத் தெரியும்.