விஜயதசமிக்குக் கொடுத்த புத்தகம்

விஜிதாவுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பொறாமையையும் அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை. ஆனால் அது அவளுக்குள் சாம்பல் மூடிய தணலாய் எந்நேரமும் கிடந்தது. வதனி யாரோடு பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வந்தாள், யார் கொடுத்த பலகாரத்தை மிச்சம் வைக்காமல் தின்றாள், யாருடைய பகிடிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கேட்கமாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உடுப்பு மடிப்பாள்.

பெரகலச் சந்தியிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் பாதையில் நெல்லிமலை என்று ஒரு சின்னக் கடைத்தெரு. அங்கே பிரதேச சபை நடத்திய நூலகத்தில் விஜிதா உதவியாளராக இருந்தாள். தபால் கந்தோரில் வேலை செய்த தகப்பனோடு சிறுவயதிலேயே வடக்கிலிருந்து வந்து பதுளையில் படித்தவள். வதனி தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்து, வீடு இருந்த இடத்தில் மதில் மட்டும் மிஞ்சிய பிறகு, தொண்ணூற்று மூன்றில், ஒரு சூட்கேசுடன் வந்து இறங்கினாள். தங்க இடமில்லை என்றதும் விஜிதா தன் அறையில் ஒரு கட்டிலைக் கூட்டிப் போட்டாள். மொஹிதீன் முதலாளியின் இரும்புக் கடைக்கு மேலே இருந்த அறை அது. முதலாளியின் மனைவி லரீபாவுக்கு இருவரையும் பிடித்துப்போயிற்று. ஆண் வாடை இல்லாத அறை என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

எட்டு வருடம் அப்படியே போயிற்று. அந்த அறைக்குள் இருந்ததற்கு அவர்களிடமும் பெயர் இல்லை, ஊரிடமும் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் கேள்வியும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் நூலகத்துக்கு ஒரு பெட்டி புத்தகம் அனுப்பினார். அதில் ஒல்லியான நாவல் ஒன்று. தையல் வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஒரு வீட்டில், புருஷன் பெண்சாதிபோல, சேர்ந்து வாழ்கிற கதை. முத்திரை குத்துவதற்காகப் பிரித்த விஜிதா, முத்திரையைக் கையில் பிடித்தபடியே பாதி வாசித்துவிட்டாள். மை காய்ந்துபோயிற்று. தான் வாய் திறந்து சொல்லாத அத்தனையையும் முகம் தெரியாத ஒருவர் அச்சிலேயே ஏற்றியிருந்தார். அன்றைக்கே அதைக் கொண்டுபோய் வதனியின் தலையணையில் வைத்தாள்.

"வாசி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் வதனி வாசித்து முடித்தாள். "நல்லாயிருக்கு" என்றாள். அவளும் வேறொன்றும் சொல்லவில்லை. விஜிதா அந்த ஒரு சொல்லை நாக்கில் கற்கண்டுபோல வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம்தான் லீலாதேவி வந்தாள். கொழும்பில் பயிற்சி எடுத்த ஆங்கில ஆசிரியை, புருஷனை இழந்தவள், நாற்பதிலும் தலை நிமிர்த்தி நடப்பவள். வந்த கிழமையே வதனியின் குடைக்குள் புகுந்துகொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து இருவரும் ஒரே குடையில் இறங்கி வருவதை நூலக ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பது விஜிதாவின் மாலை வேலையாயிற்று. மழை இல்லாத நாளிலும் குடை விரிந்திருந்தது. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

நூலகத்தில் ஒவ்வொரு வருடமும் வாணி விழா நடக்கும். புதிதாக வந்த புத்தகங்களை எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எப்போதும் அது விஜிதாவின் வேலை. அந்த வருடம், தன்னிடம் இருந்த நாவலையும் எடுத்துக்கொண்டு உதவிக்கு வதனி வந்தாள், கூடவே லீலாதேவியும் வந்தாள். வந்ததும் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். ஒல்லியான அந்த நாவல் கைக்கு வந்ததும் பொட்டை வைத்துவிட்டு, நிறுத்திச் சிரித்தாள்.

"இதை நான் வாசிச்சிட்டன் விஜிதா. வதனி தந்தவ. என்ன துணிவான எழுத்து."

விஜிதா வாழைப்பழச் சீப்பிலிருந்து பழங்களைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்த்தபடியே இருந்தாள். தேவைக்கு மேலே பிய்த்துவிட்டாள்.

தான் வாயால் சொல்லாததற்குப் பதிலாகக் கொடுத்ததை வதனி இன்னொருத்திக்குக் கைமாற்றியிருக்கிறாள். எத்தனை பக்கம் இருவரும் சேர்ந்து பேசினார்கள்? எனக்கு ஒரு சொல், அவளுக்கு ஒரு குடை நிறையப் பேச்சா? அந்த நினைப்பு அன்று இரவு சோற்றில் இருந்தது, மறுநாள் காலைத் தேத்தண்ணீரிலும் இருந்தது. புத்தகம் இந்த ஊரில் இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அதற்கு வழி தானாகவே நடந்து வந்தது. மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா பொன்னையா, ஓய்வுபெற்ற பெரிய கணக்குப்பிள்ளை, விஜயதசமி காலையில் குளித்து முழுகி நூலகத்துக்கு வருவார். பூஜையில் இருந்து எடுத்த புத்தகங்களில் முதல் புத்தகம் அவருக்குத்தான். தலைப்பைப் பார்க்கமாட்டார். விஜிதா எடுத்துக் கொடுப்பதைப் பிரசாதம்போல இரு கையாலும் வாங்கிக்கொண்டு போய், சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, மனைவி அங்கம்மாவுக்கும் மருமக்களுக்கும் முதல் அத்தியாயத்தை உரத்து வாசிப்பார். அதுதான் அந்த வீட்டின் ஏடு தொடக்கம். இத்தனை வருடமும் புராணக் கதையோ பெரியோர் சரித்திரமோ தேடி எடுத்து வைத்திருந்தவள், அந்த வருடம் ஒல்லியான நாவலை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த வருசம் சின்னதா இருக்கே மிஸ்" என்றார் அவர்.

"சின்னது எண்டாலும் சுவையானது ஐயா."

ஒரு கிழமைக்குள் ஊர் பற்றிக்கொண்டது. ஒலிபெருக்கித் தகராறால் வருடக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்த கோயிலும் பள்ளிவாசலும் நூலக மேசையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தன. கோயிலுக்காகப் பொன்னையா ஒரு பக்கம், பள்ளிவாசலுக்காக மொஹிதீன் முதலாளி மறு பக்கம், நடுவில் பென்ஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நூலகப் பொறுப்பாளர் சிவராசா. சுவரோரம் ஆசிரியர்களும் வாசகர்களும். வதனியும் லீலாதேவியும் அடுத்தடுத்து நின்றதைத்தான் விஜிதா முதலில் பார்த்தாள்.

"நான் குத்தம் சொல்ல வரலீங்க" என்று தொடங்கினார் பொன்னையா. "வெளக்கேத்தி வச்சி, சாமி முன்னாடி, சத்தம் போட்டு வாசிச்சேன். ரெண்டாவது பக்கத்துலதான் வெளங்குச்சி. சட்டுனு மூடிட்டேன். எம் பொஞ்சாதி என்னான்னா, அப்புறம் என்னாச்சி, அப்புறம் என்னாச்சின்னு ஒரு வாரமா உசிர எடுக்குறா. ஒரு தர்மகர்த்தா வீட்டுல நடக்குற பேச்சா இது?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"புள்ளைங்க வந்து போற எடம். சாமிக்கு ஒப்பாத வாழ்க்கைய சாமி முன்னாடியே வாசிக்க வச்சிட்டீங்க. என் மனசு கெடந்து அடிச்சிக்குது."

"எங்கட மார்க்கத்திலயும் இதுக்கு எடமில்ல" என்றார் மொஹிதீன். "பொதுக் காசில நடக்கிற எடம். இது இங்க ஈக்க ஏலா."

"விஜிதா மிஸ் மேல எனக்கு வருத்தம் இல்ல" என்றார் பொன்னையா, அவள் பக்கம் திரும்பி. "நல்ல மனுசி. உள்ள என்னா இருக்குன்னு தெரியாம எடுத்துக் குடுத்துட்டாங்க."

வதனி திரும்பிப் பார்த்தாள். அந்தப் புத்தகத்தை முதலில் வாசித்தவள் யார் என்று அவளுக்குத் தெரியும். விஜிதா மேசை விளிம்பைப் பார்த்தாள்.

"கிழிச்சுப் போட்டா விசயம் முடிஞ்சிது" என்று யாரோ சொன்னார்கள். சிவராசா தன் கையால் அதைச் செய்ய விரும்பாமல் புத்தகத்தைப் பொன்னையாவிடம் தள்ளினார். பொன்னையா அட்டையைத் திறந்தார். முதல் பக்கத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம். அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. புத்தகம் நழுவி விழுந்து அவர் காலில் பட்டது. பதறிக் குனிந்து எடுத்தவர், நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

தான் ஒற்றியது எதை என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

"பூசை வச்ச ஏட்டை என் கையால கிழிக்கமாட்டேன்" என்றார் மெதுவாக. "அலுமாரில பூட்டி வைங்க. கேக்குறவங்களுக்கு மட்டும் குடுங்க."

அந்தப் பொட்டை வைத்த விரல் யாருடையது என்பது விஜிதாவுக்கு நினைவுக்கு வந்தது. புத்தகம் பிழைத்ததும் லீலாதேவியால்தான்.

"யாரு வந்து கேக்கப் போறா?" என்றார் மொஹிதீன்.

"நான் கேக்கிறன்" என்றாள் வதனி. "இப்பவே வேணும்."

வீட்டுக்கு நடந்தபோது இருவருக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போகலாம்போல இடைவெளி இருந்தது. தேயிலைத் தொழிற்சாலை தாண்டியதும் வதனி நின்றாள்.

"தெரிஞ்சுதானே குடுத்தனீ?"

"ஓம்."

"ஏன்?"

"நான் அதை உனக்குத்தான் தந்தனான். அவளுக்கில்லை."

"எனக்குத் தந்தனி எண்டு எப்ப சொன்னனீ? வாசி எண்டாய். வாசிச்சன். நீ ஏதாவது சொல்லுவாய் எண்டு பாத்தன். நீ உடுப்பு மடிச்சாய். ஆரோடையாவது கதைக்கவேணும்போல இருந்துது, லீலாவோட கதைச்சன்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"உன்னைப் பற்றி" என்றாள் வதனி. "வேற என்னத்தைக் கதைக்கிறது?"

நியாயமாக அந்தப் பதில் விஜிதாவைக் குளிர்வித்திருக்க வேண்டும். ஆனால் தன்னைப் பற்றிய பேச்சைக்கூட இன்னொருத்தி முதலில் கேட்டிருக்கிறாள் என்பதுதான் அவள் நெஞ்சில் தைத்தது.

மறு கிழமை லரீபா மேலே வந்தாள். கட்டில்கள் இரண்டையும் ஒரு தரம் பார்த்தாள். முன்பு அப்படிப் பார்த்ததில்லை. "எங்கட மகள் றுஷ்தாக்கு கலியாணம் பேசிறோம் டீச்சர். இந்த அறை தேவப்படுது. கோவிச்சிக்க வாணாம்." றுஷ்தாவுக்கு அப்போது பதினான்கு வயது. பெயர் இல்லாதிருந்ததற்கு ஊரே இப்போது பெயர் வைத்துவிட்டது; வைக்கக் கொடுத்தது விஜிதாவின் கை.

நெல்லிமலையில் வேறு அறை கிடைக்கவில்லை. ஹல்துமுல்லையில் லீலாதேவி தனியாக ஒரு வீடு எடுத்திருந்தாள். பின்பக்கம் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

"நான் போறன்" என்றாள் வதனி, சூட்கேசைத் திறந்தபடி. "நீ வாறியோ?"

"அந்த வீட்டுக்கோ?"

"அந்த வீட்டுக்குத்தான். வரேலாது எண்டா இப்ப சொல்லு. மனசுக்குள்ள வச்சுக்கொண்டு ஆரிட்டையாவது புத்தகம் குடுத்துவிடாதை."

விஜிதா அலமாரியிலிருந்து வதனியின் சேலைகளை எடுத்தாள். வழக்கம்போல மடிக்கத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள்.

"அவளோட ஒரே குடையில வாறது எனக்குப் பிடிக்கேல்லை" என்றாள். எட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முறைப்பாடு. "மழை இல்லாட்டியும் விரிக்கிறியள்."

வதனி கட்டிலில் உட்கார்ந்து, வாயைப் பொத்தாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள். "இன்னும் என்ன பிடிக்கேல்லை? வரிசையாச் சொல்லு."

சொல்வதற்கு நிறைய இருந்தது. ஹல்துமுல்லை வீட்டுக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள்: லீலாதேவி வைக்கும் குழம்பை ஏன் இரண்டாந்தரம் வாங்கினாய், அவள் தலைவலிக்கு நீ ஏன் தைலம் தடவினாய். லீலாதேவிக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். அவள் ஒரு நாள், "விஜிதா, உங்கட ஆளை ஒருத்தரும் கொண்டு போகேல்லை, சாப்பிடுங்கோ" என்று சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். விஜிதா சாப்பிட்டாள். ஆனால் இரண்டாந்தரம் வாங்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் விஜிதாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் முழுவதும் வதனி பக்கத்திலேயே இருந்தாள். ஒரு பின்னேரம், வார்டு வாசலில் தாதியோடு நின்று பேசிவிட்டு வந்த வதனியை, கண் திறக்கவே சிரமப்பட்ட விஜிதா சைகையால் கிட்ட அழைத்தாள்.

"அந்த நேர்ஸ் பிள்ளையோட அவ்வளவு நேரம் என்ன கதை?"

"உன்ர மருந்தைப் பற்றித்தான்."

"மருந்தைப் பற்றிக் கதைக்கச் சிரிப்பு வருமோ?"