மூடிய கை

மனைவியின் மார்பில் இருந்த கட்டிக்கான பரிசோதனை முடிவு திங்கட்கிழமை வர வேண்டும். அதற்கு முந்தின வாரம் முழுக்கக் கீரனூர் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஜெபித்தேன். ஜெபம் என்ன ஜெபம், கடவுளுக்கு உத்தரவு போட்டேன். பயத்தை மறைக்க வீட்டில் ஜோக்கடித்தேன்.

ஞாயிறு சர்ச் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போய் நின்றால், நீட்டிய என் கைகள் இறுக மூடியிருந்தன. பங்குச் சாமியார் அப்பத்தோடு காத்திருந்தார். பெண்கள் வரிசையில் பக்கத்தில் நின்ற மனைவி கிசுகிசுத்தாள்:

“என்னங்க, ஃபாதரு கூடச் சண்டைக்கா வந்தீங்க? கையத் தொறங்க.”

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கையில் நகம் பதிந்த தடமும் வியர்வையும்தான் இருந்தன. அப்பம் அதில் வந்து அமர்ந்தது. கேட்பதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயம் போகவில்லை. ஆனால் அந்த வாரத்தில் முதல்முறையாகக் கடவுளைப் பேசவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.