டெய்லரக்காவின் தாடை

கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் டெய்லரக்கா நூலைப் பல்லால்தான் கடிப்பாள். முப்பது வருடப் பழக்கம். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவியபோதுகூட மிஷினை விட்டு எழவில்லை. எலும்பைக் கெட்டியாக்க மாதம் ஓர் ஊசி என்றார்கள். கையை நீட்டினாள்.

கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. பல் டாக்டர் கேட்டார்:

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க."

ஊசியைப் போய் யார் மாத்திரையில் சேர்ப்பார்கள்?

பல் போனது. மூன்று மாதமாகியும் குழி மூடவில்லை. சீழ் வைத்தது, நாக்கால் தடவினால் சொரசொரவென்று எலும்பு தட்டியது. புருஷன் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தார். "உன் வாயை அடக்க ஒரு வியாதி வர வேண்டியிருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எக்ஸ்ரேயைப் பார்த்த புற்றுநோய் டாக்டருக்கு ஆச்சரியமே இல்லை.

"இந்த ஊசியால சில பேருக்குத் தாடை எலும்பு செத்துப்போகும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பல்லைக் காட்டியிருக்கணும். பிடுங்கறதுக்கு முன்னாடி எங்களைக் கேட்டிருக்கணும்."

"நீங்க சொன்னீங்களா டாக்டர்?"

"நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இருக்கே."

இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சட்டைக்கே கழுத்து எவ்வளவு இறக்கணும், கை எவ்வளவு நீளம் என்று நாலு தடவை கேட்கிறவள் அவள். ஓர் ஆளின் எலும்பு சாகலாம் என்றால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல இவர்களுக்கு என்ன கேடு?

ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அடுத்த ஊசி நாளன்று அவள் போனாள், பை நிறையத் துணிப்பட்டைகளோடு. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் தைத்திருந்தாள்: 'எலும்பு ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியைக் கேட்காமல் பல்லைப் பிடுங்காதீர்கள்.'

ஊசிக்குக் காத்திருந்த ஒரு பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பல்லாம்மா?"

"ஆமாக்கா. நாளைக்குப் பிடுங்கறாங்க."

"முதல்ல இங்க டாக்டர்கிட்ட கேளு. கேட்டுட்டு அப்புறம் போ" என்றபடி டெய்லரக்கா அந்தப் பெண் ஃபைல் வைத்திருந்த துணிப்பையை வாங்கிப் பட்டையைத் தைக்கத் தொடங்கினாள்.

நர்ஸ் வந்தாள். "இதுக்கெல்லாம் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்க்கா."

"எனக்கு இப்படி ஆகறதுக்கு யாருகிட்டம்மா அனுமதி வாங்குனீங்க?"

கடைசித் தையலுக்கு முடிச்சுப் போட்டு, பழக்கத்தில் நூலைப் பல்லுக்குக் கொண்டுபோனாள். தாடை சுரீர் என்றது. நூலைக் கீழே இறக்கினாள்.

"உன் டிரேயில இருக்கற கத்தரிக்கோலைக் கொடு."

நர்ஸ் வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.