வெளியிலிருந்து வந்த விசில்

என் தம்பி பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கால்பந்துக்கு நடுவர். ஆறு வருடத்தில் நூற்றுப் பதினான்கு ஆட்டம். தேதியோடு என் நோட்டில் இருக்கிறது. ஒன்றுக்கும் அவன் தாமதமாகப் போனதில்லை. நக இடுக்கைப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் விசிலைத் தொடுவான்.

அப்படியும் ஆட வரும் பிள்ளைகளின் பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் கிரீஸ்.

"ஏய் கிரீஸ், கண்ணையும் டிப்போவுலயே கழட்டி வெச்சுட்டு வந்தியா?"

பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளும் சிரிக்கும். தம்பி திரும்பிப் பார்க்க மாட்டான்.

அன்றைய அரையிறுதி அவனுக்கும் பரீட்சை. மதிப்பெண் போடக் கால்பந்துச் சங்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். தேறினால் பெரியவர்கள் ஆட்டத்துக்கு நடுவர். முப்பத்தைந்து ஆகிவிட்டால் பரீட்சை கிடையாது. தம்பிக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து.

ஒன்றுக்கு ஒன்று. மீதி நான்கு நிமிடம். ஒரு பையன் பந்தோடு எதிர் அணியின் கோலை நோக்கிப் பாய்ந்தான். கோட்டுக்கு வெளியே நின்ற பல் டாக்டர் ஒருவர் அது ஆஃப்சைடு என்று தானே தீர்மானித்து, பாக்கெட்டிலிருந்து ஒரு விசிலை எடுத்து ஊதிவிட்டார். கோல்கீப்பர் அவருடைய மகள். நடுவர்தான் ஊதினார் என்று நினைத்துக் கையைத் தொங்கப்போட்டாள். பந்து வலைக்குள் போனது.

வெளி விசில் குழப்பினால் கோல் செல்லாது, பந்து கோல்கீப்பருக்கு. விதி அது. தம்பி அதைத்தான் செய்தான். கோலை இழந்த பக்கம் கொதித்தது. ஓர் அம்மா எறிந்த தண்ணீர் பாட்டில் தம்பியின் புருவத்தைக் கிழித்தது.

ஊதியவர் யாரென்று தெரிந்தால் அவர் பிள்ளையின் அணியையே வெளியேற்றுவார்கள். டாக்டருக்கு அது தெரியும்.

"இவனேதான் ஊதினான். என் கண்ணால பார்த்தேன்," என்றார்.

மதிப்பெண்காரர் விசில் கேட்ட நேரத்தில் போனில் தலையைக் கவிழ்த்திருந்தவர். எழுந்து வந்து கோல்கீப்பர் பெண்ணைக் கூப்பிட்டார்.

"பயப்படாம சொல்லு பாப்பா. யாரு ஊதினது?"

டாக்டர் மகளின் தோளில் கை வைத்தார். விரல்கள் அழுந்துவது எனக்குத் தெரிந்தது.

"இந்த அங்கிள்," என்றாள்.

நான் உள்ளே ஓடினேன். "டாக்டரே, பாக்கெட்டைக் காட்டுங்க!"

"நீ யாரும்மா?"

"அவனோட அக்கா."

"அக்கா சாட்சியாம்பா!" என்று யாரோ சொல்ல, இரண்டு பக்கப் பெற்றோரும் அன்றைக்கு முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

பிள்ளை ஆடும்போது பெற்றவர்களுக்கு நிற்பதும் கைதட்டுவதும்தான் வேலை. இதைச் சொல்ல நான் படித்த எட்டாம் வகுப்பே போதும். அங்கே கேட்க ஆளில்லை.

மதிப்பெண்காரர் 'தவறான விசில்' என்று எழுதினார். தம்பி புருவத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மீதி நான்கு நிமிடத்தைத் தொடங்கினான். அந்தப் பெண் கோலில் நின்று விம்மிக்கொண்டிருந்தாள். அவளைக் கடக்கும்போது, "அழாதே பாப்பா, பந்தைப் பாரு," என்றான்.

"நடுவர் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாமா?" என்று கத்தினார் டாக்டர்.

மதிப்பெண்காரர் பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார்.