ஒரே தட்டைப் பார்த்தவர்

முத்திரையார்: பிறப்பு 1948, மறைவு 2023. எடை அளவுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து, கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இயற்பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த தெருவில்கூட அவர் வீட்டைக் காட்ட ஆளில்லை.

சோதிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சம எடையுள்ள இரண்டு கற்களை இரு தட்டுகளிலும் வைத்து முள்ளைப் பார்ப்பார். பிறகு இடத்தட்டுக் கல்லை வலத்துக்கும், வலத்தட்டுக் கல்லை இடத்துக்கும் மாற்றி மறுபடியும் பார்ப்பார். இரண்டு முறையும் முள் நடுவில் நின்றால்தான் முத்திரை. ஒரு தட்டை மட்டும் பார்ப்பவன் தராசையே பார்க்காதவன் என்று கடைக்காரர்களின் காது புளிக்கும்படி சொல்லியிருக்கிறார்.

அவருடைய மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கைகளால்தான் பேசுவார். எழுதத் தெரியும், ஆனால் எழுத்து அவருக்கு இரவல் சட்டைபோல, போட்டுக்கொள்ளலாம், சௌகரியமாக இராது. ஒரே மகள். நடக்கத் தொடங்குமுன்பே தாயின் கைமொழியைக் கற்றவள். திருமணமாகி மாநிலத்தின் மறுகோடிக்குப் போனபின், தாயும் மகளும் ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டார்கள். பழைய இணைப்பில் படம் அடிக்கடி உறைந்துபோயிற்று. காது கேட்பவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். இவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும்.

ஆகவே 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் முத்திரையார் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினார். மாநிலத்தில் எந்த வட்டாரத்துக்கு எந்த நிறுவனம் இணைப்புத் தருகிறது என்று காட்டும் அரசு இணையப் பக்கத்தில் தம் முகவரியைக் கொடுத்தார். ஐந்து நிறுவனங்கள் வந்தன. மகிழ்ந்துபோய் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் அழைத்தால், இரண்டு நிறுவனங்கள் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவே இல்லை. தெருமுனை வரை வந்திருக்கிறோம், அதனால் பட்டியலில் இருக்கிறோம் என்றார்கள். முத்திரையாருக்கு வந்த முதல் அதிர்ச்சி அது. தெருமுனையில் நிற்கும் தராசில் வீட்டுச் சாமானை எப்படி நிறுப்பது?

இரண்டாவது அதிர்ச்சி கேபிள் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் காத்திருந்தது. ‘நூறு வரை வேகம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ‘வரை’யைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். தாளோடு நேரே நிறுவன அலுவலகத்துக்குப் போய், முகப்பு மேசையில் இருந்த பெண்மணியின் முன் விரித்தார்.

“அம்மா, ஒரு கிலோ வரைன்னு எழுதி வெச்சுட்டு அரை கிலோ போட்டா, அந்தக் கடைய நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?”

அந்தப் பெண்மணி தாளையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். “நல்லவேளைங்க, நீங்க ரிட்டயர் ஆனப்புறம்தான் நாங்க ஆரம்பிச்சோம்.”

இனிச் சொல்லை நம்புவதற்கில்லை, அளந்தே தீருவது என்று முடிவாயிற்று. மீதி மூன்று நிறுவனங்களின் இணைப்பு யார் யார் வீட்டில் இருக்கிறதோ, அந்த மூன்று வீடுகளுக்கும் நாற்பத்தொரு நாள், காலை, பகல், மாலை என மூன்று வேளையும் போய் வேகத்தை அளந்தார். ஒரு வீட்டம்மா, மருந்துகூட இவ்வளவு ஒழுங்காக வேளை தவறாமல் நான் சாப்பிட்டதில்லை என்று கேலி செய்தார். அவர் அசரவில்லை. தொலைபேசிக் கம்பி வினாடிக்குப் பதினொரு மெகாபிட். கேபிள் தொண்ணூற்றாறு. புதிதாகத் தொடங்கியிருந்த ஒளியிழைக் கூட்டுறவுச் சங்கம் நாற்பது. கூட்டுறவுச் சங்கத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் கேபிளுக்கு முத்திரை குத்தினார். அட்டவணையைப் படமெடுத்து மகளுக்கும் அனுப்பினார். தலைமை ஆய்வாளருக்கு வணக்கம் என்று மகள் பதில் எழுதினாள்.

இணைப்பு வந்தது. கூடத்துப் பெரிய தொலைக்காட்சியில் மகளின் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. மனைவி மணிக்கணக்கில் கைகளால் பேசினார். மகள் சிரித்தாள், தலையசைத்தாள். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த முத்திரையாரின் முகத்தில், பிடிபடாத களவைப் பிடித்த நாள்களில் தெரியும் நிறைவு இருந்தது.

அக்டோபரில் மனைவிக்குக் கண்புரை முற்றிவிட்டதென்று மருத்துவர் சொன்னார். நவம்பர் 14 அறுவை. அதன்பின் இரண்டு நாள் கட்டு. மறு கண்ணோ முன்பே மங்கல். காதும் இல்லாமல் கண்ணும் இல்லாமல் இரண்டு நாள் என்றால், அவரிடம் எதையும் சொல்ல ஒரே வழிதான் உண்டு. சின்ன வயதில் விளக்கு அணைந்த நேரங்களில், மகள் தாயின் உள்ளங்கைக்குள் தன் விரல்களை வைத்துப் பேசுவாள். அந்த வித்தை அவளுக்கு மட்டுமே கைவந்தது. முத்திரையாரும் முயன்று பார்த்ததுண்டு. அலுவலகக் கடிதம்போல முடிவில்லாமல் போகிறது என்று மனைவி கையை இழுத்துக்கொள்வார்.

மகளிடம் தாமே சொல்லிக்கொள்வதாக மனைவி சொன்னார். மூன்று ஞாயிறும் சொன்னார். மூன்று ஞாயிறும் மகள் தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்து முத்திரையாரும் அதைக் கண்ணாரக் கண்டார்.

நவம்பர் 11, திங்கட்கிழமை. நிலையத்துக்குப் போய் மகளை அழைத்து வரவேண்டுமே என்று முத்திரையார் தொலைபேசியை எடுத்தார்.

“எந்த வண்டிக்கும்மா வர்றே?”

“எதுக்குப்பா?”

 முத்திரையாரின் கையில் இருந்த பென்சில் உருண்டு மேசைக்கடியில் போயிற்று. பிறகு ஒவ்வொரு சொல்லாக, அறுவையைச் சொன்னார், தேதியைச் சொன்னார், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னார். மறுமுனையில் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்கு அம்மா தெரியறதே இல்லப்பா. கை நின்னு நின்னு வரும். பாதி வார்த்தைக்கு மேல புரியாது. திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லுன்னு கேட்டா அம்மா மொகம் வாடிப்போயிடும். அதான் தலையாட்டிட்டே இருந்தேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நாப்பத்தோரு நாள் அலைஞ்சு புடிச்ச இணைப்புப்பா அது. உங்ககிட்ட எப்படிச் சொல்ல?”

 கூடத்தில் மனைவி பெட்டியில் மகளுக்கென்று போர்வை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கேபிள் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர் வந்தார். நடுவயதுக்காரர், ஏணியும் பையுமாக. கருவியை மாட்டிப் பார்த்தார், கம்பியில் குறையில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார். கடைசியில் தலையைச் சொறிந்தார்.

“ஐயா, எறங்கறத மட்டுந்தான் அளந்திருக்கீங்க. ஏறறத எங்கயுமே காணோமே.”

அதாவது, வெளியிலிருந்து வீட்டுக்கு வருவது தொண்ணூற்றாறு. வீட்டிலிருந்து வெளியே போவது இரண்டு, சில வேளை ஒன்று. மகளின் முகம் இங்கே ஆறாக வந்து கொட்டியது. தாயின் கை அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. பழுதுபார்ப்பவர் சிவப்பு மையால் அடித்திருந்த வரியில் விரலை வைத்து, தம் நிறுவனத்துக்கு நட்டமானாலும் பரவாயில்லை என்ற குரலில், இந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் இறங்குவதும் நாற்பது, ஏறுவதும் நாற்பது, இதை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார்.

முப்பத்தொரு ஆண்டுகள் தட்டை மாற்றி மாற்றி நிறுத்த மனிதர் அந்த வரியைப் பார்த்தபடியே இருந்தார். பழுதுபார்ப்பவர் ஏணியை மடக்கிக்கொண்டு போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு மனைவியின் முன் போய் நின்று, தமக்குத் தெரிந்த அரைகுறைக் கைமொழியில், தப்பு மகளுடையதன்று, என்னுடையது, ஒரே தட்டைத்தான் பார்த்தேன் என்று சொன்னார்.  இத்தனை ஞாயிறாக ஒரு கல்லிடம் பேசிக்கொண்டிருந்தேனா என்று மனைவியின் கைகள் கேட்டன. 

மகள் 13ஆம் தேதி பகல் வண்டியில் வந்து இறங்கினாள். கட்டுப் போட்டிருந்த இரண்டு நாளும் தாயின் வலக்கை மகளின் கைக்குள்ளேயே இருந்தது.

டிசம்பரில் ஒளியிழை இணைப்பு வந்தது. முத்திரையார் நோட்டில் புதிய பக்கம் திருப்பி இரண்டு பத்திகள் போட்டார்: இறக்கம், ஏற்றம். மூன்றாவதாகவும் ஒரு பத்தி இருந்தது. ஞாயிறுதோறும் மனைவி கைகளால் ஒரு வாக்கியம் சொல்லுவார். மகள் அதைத் தொலைபேசியில் தந்தைக்கு வாயால் திருப்பிச் சொல்லுவாள். அவர் எழுதி மனைவியிடம் காட்டுவார். மனைவி தலையசைத்தால்தான் அந்த வாரத்துக்கு முத்திரை. மூன்றரை ஆண்டுகளில் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அந்த நோட்டின் கடைசி வரி: இறக்கம் 40, ஏற்றம் 40. வாக்கியம்: ‘இப்போது உன் அப்பா பேசுவதுதான் விட்டு விட்டு வருகிறது.’ முத்திரை இட்ட நாள், 2023 ஜூன் 18, ஞாயிறு.